விவிலியத்தின் எபிரேயப் பெயர்களைப் பொருளறிந்து வாசிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாமுவேல் என்னும் பெயருக்குப் பொருள் என்னவென்று கேட்டால், ஞாயிறு பள்ளியில் பயின்ற பலரும் ‘கடவுளிடம் கேட்டுப் பெற்றவன்’ என்று உடனே விடை சொல்வார்கள். குழந்தைகளுக்குப் பெயர் தேடுவோருக்கென அச்சிடப்படும் சிறு நூல்களிலும் அந்த விடையே காணப்படுகிறது. கர்த்தரிடத்தில் கேட்டதனால் அன்னாள் மகனுக்கு அப்பெயரை இட்டாள் என்று 1 சாமுவேல் 1:20 கூறுவதால், அந்த விடைக்கு ஆதாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆயினும், வேண்டிக் கேட்பதைக் குறிக்கும் எபிரேய வினை ‘ஷாஅல்’ என்பது. அவ்வினையிலிருந்து நேராகப் பிறக்கும் பெயர் ‘ஷாஊல்’, அதாவது சவுல். சாமுவேல் என்பதன் எபிரேய வடிவமான ‘ஷெமூஏல்’, ‘பெயர்’ எனப் பொருள்படும் ‘ஷேம்’ என்ற சொல்லையும் ‘கடவுள்’ எனப் பொருள்படும் ‘ஏல்’ என்ற சொல்லையும் கொண்டதாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் வேதத்தின் விளக்கம் தவறா? தவறன்று. ஆனால் அது எவ்வகையான விளக்கம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் எபிரேயப் பெயர்களுக்குப் பொருள் சொல்லப் புகுவது ஆபத்தானது. பெயரின் சொல்லமைப்பு தரும் பொருள், வேதவசனம் அப்பெயரில் கேட்கும் எதிரொலி, அப்பெயரின் வரலாற்றுத் தோற்றம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் அறிவதற்கான முறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன். பெயர் வடிவங்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவாறே எழுதுகிறேன்.

முதற்படி: தமிழ் வடிவத்திலிருந்து எபிரேய வடிவத்துக்குச் செல்லுதல்

ஒரு பெயரின் பொருளை அதன் தமிழ் எழுத்துக்களிலிருந்து ஊகிக்கக் கூடாது. முதலில் எபிரேய வடிவத்தைக் கண்டறிய வேண்டும். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துக்கள் உள்ளன. 119ஆம் சங்கீதத்தின் பகுதிகளுக்குத் தலைப்பாக நிற்கும் ஆலெப், பேத், கிமெல் முதலியவை அந்த எழுத்துக்களின் பெயர்களே என்பதால், தமிழ் வாசகருக்கு அவை முற்றிலும் புதியவை அல்ல. அவை அனைத்தும் மெய்யெழுத்துக்கள்; உயிரொலிக் குறிகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில், மசோரேத்தியர் என்னும் யூத அறிஞர்களால் சேர்க்கப்பட்டவை.

எபிரேயம் தமிழுக்கு வரும்போது சில ஒலிகள் மறைகின்றன. ஆலெப், ஆயின் என்னும் இரண்டும் தொண்டையில் பிறக்கும் வேறு வேறு மெய்கள். தமிழில் இரண்டுக்கும் எழுத்து இல்லை. இதனால் விளையும் குழப்பத்துக்கு ஆசாரியனாகிய ஏலி நல்ல எடுத்துக்காட்டு. சிலுவையில் ஒலித்த ‘ஏலீ, ஏலீ’ என்ற குரலுக்கு ‘என் தேவனே’ என்பது பொருளாதலால், ஆசாரியனின் பெயருக்கும் அதுவே பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. சிலுவைக் குரலின் சொல் ஆலெப்பில் தொடங்குவது. ஆசாரியனின் பெயர் ஆயினில் தொடங்கி, உயர்வைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையது. தமிழில் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இவை எபிரேயத்தில் உறவில்லாத இரு சொற்கள்.

இரண்டாவதாக, தமிழ் தன் இயல்புக்கேற்பச் செய்துகொண்ட மாற்றங்களை நீக்கிப் பார்க்க வேண்டும். சாராள், ரெபெக்காள், லேயாள், தெபொராள், அன்னாள் ஆகிய பெயர்களின் ஈற்றிலுள்ள ‘ஆள்’ தமிழ்ப் பெண்பால் விகுதி; அவற்றின் எபிரேய வடிவங்கள் ‘ஆ’ என்ற ஒலியில் முடிபவை. சொல்லின் முதலில் எகரம் வரும்போது நாம் இயல்பாகவே யகரம் கலந்து ஒலிப்பதனால், யிர்மெயாஹு எரேமியா ஆனார். யெஹெஸ்கேல் எசேக்கியேல் ஆனார். யிஸ்ஹாக் ஈசாக்கு ஆனதிலும், யிஸ்ராஏல் இஸ்ரவேல் ஆனதிலும் முதலிலிருந்த யகரமே மறைந்தது. மற்ற இடங்களில் நம் மொழிபெயர்ப்பு யகரத்தைக் காத்திருக்கிறது: இன்று வழக்கிலுள்ள ஜோசப், ஜேக்கப் என்பவற்றைவிட யோசேப்பும் யாக்கோபும் எபிரேய ஒலிக்கு நெருக்கமானவை.

இவற்றுள் என்னை மிகவும் மகிழ்வித்த கண்டுபிடிப்பு ‘வேல்’ என்னும் ஈறு. சாமுவேல், இஸ்ரவேல், மிகாவேல், யோவேல் ஆகியவற்றில் ‘வேல்’ என்று முடியும் பெயர், தானியேல், எசேக்கியேல், காபிரியேல் ஆகியவற்றில் ‘யேல்’ என்று முடிவது ஏன்? நன்னூல் கூறும் உடம்படுமெய் விதியே காரணம். இகரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகர மெய்யும், அகரம், உகரம், ஓகாரம் முதலியவற்றுக்குப் பின் வந்தால் வகர மெய்யும் தோன்றும். தானி என்பதோடு ஏல் சேர்ந்து தானியேல். சாமு என்பதோடு ஏல் சேர்ந்து சாமுவேல். நாத்தான்வேல் என்ற பெயரில் மெய்யெழுத்துக்குப் பின்னும் வகரம் வந்தது, பிற பெயர்களைப் பார்த்து ஒப்புமையால் வந்ததாகலாம். எவ்வாறாயினும் அந்த ‘வேல்’ நம் முருகனின் வேலன்று. ‘ஏல்’ என்ற இறைச்சொல்லே.

புதிய ஏற்பாட்டுப் பெயர்களுக்கு இடையில் கிரேக்கம் என்ற இன்னொரு வாசலும் உண்டு. கிரேக்கத்தில் ஷகர ஒலிக்கு எழுத்தில்லை. ஆண்பாற் பெயர்களின் ஈற்றில் சகரம் சேர்வது வழக்கம். யெஷூஆ ‘இயேசூஸ்’ ஆனதும், எலெயாசார் சுருங்கி ‘லாசரோஸ்’ ஆனதும் அவ்வழியில்தான். ஆகவே பெத்தானியாவின் லாசருவும் ஆரோனின் மகன் எலெயாசாரும் பெயரளவில் ஒருவரே. இரண்டுக்கும் ‘கடவுள் உதவினார்’ என்பதே பொருள்.

இந்தப் படிக்குத் தேவையான கருவி எபிரேயச் சொல்லெண் அடைவு. 1890இல் வெளியான ஸ்ட்ராங் அடைவின் எண்களைப் பல கைப்பேசிச் செயலிகள் வசனங்களோடு இணைத்துத் தருகின்றன. எபிரேய எழுத்துக்களை அடைவதற்கு அந்த எண் போதுமானது. ஆனால் அங்கே தரப்படும் பெயர்ப்பொருளை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், பிற்கால அகராதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: வேரையும் இறைச்சொல்லையும் பிரித்தல்

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேர்களில் பிறக்கின்றன. பெயர்களுள் மிகப் பல, அத்தகைய ஒரு வேரும் ஓர் இறைச்சொல்லும் சேர்ந்த முழு வாக்கியங்கள். இறைச்சொல் இரு வகைப்படும். ஒன்று ‘ஏல்’, மற்றொன்று யாவே என்னும் நான்கெழுத்துத் திருப்பெயரின் சுருக்கம். அச்சுருக்கம் முன்னால் வரும்போது ‘யோ’ அல்லது ‘யெஹோ’ என்றும், பின்னால் வரும்போது ‘யா’ அல்லது ‘யாஹு’ என்றும் ஒலிக்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் வேதப் பெயர்களில் பெரும்பகுதி திறந்துகொள்ளும்.

கொடுத்தலைக் குறிக்கும் ‘நாத்தன்’ என்ற வேரைப் பாருங்கள். அது தனித்து நின்றால் தாவீதைக் கடிந்துகொண்ட தீர்க்கதரிசி நாத்தான். முன்னால் யோ சேர்ந்தால் யோனத்தான், ‘யாவே கொடுத்தார்’. பின்னால் ஏல் சேர்ந்தால் நெதனெயேல், நாத்தான்வேல், ‘கடவுள் கொடுத்தார்’. ‘கொடை’ என்ற பெயர்ச்சொல்லாகி யாவைச் சேர்த்துக்கொண்டால் மத்தனியா, ‘யாவேயின் கொடை’. அருளுதலைக் குறிக்கும் ‘ஹானன்’ என்ற வேரில் அன்னாளும் அனனியாவும் யோவானும் பிறக்கின்றனர். அனனியாவிலும் யோவானிலும் இருப்பவை அதே இரு கூறுகள். அவற்றின் வரிசைதான் மாறியிருக்கிறது. கேட்டருளுதலைக் குறிக்கும் ‘ஷாமா’ சிமியோனையும் இஸ்மவேலையும் தருகிறது. பலத்தைக் குறிக்கும் ஒரே வேர், யாவோடு சேர்ந்து எசேக்கியா அரசரையும், ஏலோடு சேர்ந்து எசேக்கியேல் தீர்க்கதரிசியையும் தருகிறது.

மீட்பைக் குறிக்கும் ‘யாஷா’ என்ற வேரைச் சற்று விரிவாகக் காண்பது தகும். மோசே நூனின் குமாரனாகிய ஓசேயாவுக்கு யோசுவா என்று பெயரிட்டதாக எண்ணாகமம் 13:16 கூறுகிறது. ‘மீட்பு’ என்ற பெயர், ‘யாவே மீட்பு’ என்ற வாக்கியமாக விரிந்தது. தீர்க்கதரிசி ஓசியாவின் பெயரும் எபிரேயத்தில் அந்த ஓசேயாவே. அதே வேரில் ஏசாயாவும், ஏலைச் சேர்த்து எலிசாவும் வருகின்றனர். பாபிலோன் சிறைவாசத்துக்குப் பின் யோசுவா என்னும் பெயர் ‘யெஷூஆ’ என்று சுருங்கி வழங்கியதை எஸ்றா, நெகேமியா நூல்களில் காண்கிறோம். மத்தேயு 1:21இல், பாவங்களிலிருந்து தம் மக்களை இரட்சிப்பார் என்பதனால் பிள்ளைக்கு இயேசு என்று பேரிடும்படி யோசேப்புக்குச் சொல்லப்படுகிறது. தமிழில் வாசிக்கும்போது அந்தக் காரணத்துக்கும் பெயருக்கும் ஒலியளவில் தொடர்பேதும் தெரிவதில்லை. எபிரேயத்தை அறிந்த செவிக்கோ பெயரும் காரணமும் ஒரே வேர்தான். குருத்தோலை ஞாயிறன்று நாம் பாடும் ஓசன்னாவும், ‘இரட்சித்தருளும்’ என்று அதே வேரில் எழும் வேண்டுதலே.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓசியா, யோசியா, உசியா ஆகிய மூன்றும் தமிழில் உடன்பிறப்புகள் போல ஒலிக்கின்றன. ஆனால் ஓசியா ‘மீட்பு’ என்ற வேரைச் சேர்ந்தது; உசியா ‘யாவே என் வல்லமை’ என்று பொருள்படுவது; யோசியாவுக்கு இவ்விரண்டுக்கும் புறம்பான, தாங்குதல் என்ற கருத்தோடு இணைக்கப்படும் வேறொரு வேர். ஒலியொற்றுமையை நம்பி வேரை முடிவு செய்யாதிருக்க இந்த மூன்று பெயர்களை நினைவில் வைத்திருந்தால் போதும்.

மூன்றாம் படி: வாக்கியத்தின் வகையை அறிதல்

பெயர் ஒரு வாக்கியம் என்று கண்டபின், அது எவ்வகை வாக்கியம் என்று கேட்க வேண்டும். சகரியா என்பது நிகழ்ந்ததை நன்றியோடு சொல்வது: ‘யாவே நினைவுகூர்ந்தார்’. எலியா என்பது விசுவாச அறிக்கை: ‘என் கடவுள் யாவே’. கானானியரின் தெய்வமாகிய பாகாலுக்கும் யாவேக்கும் இடையில் மக்கள் குந்திக்குந்தி நடந்த காலத்தில், கர்மேல் மலையில் எழுந்து நின்றவரின் பெயரே அந்த வழக்கின் தீர்ப்பாக இருந்தது. மிகாவேல் என்பது வினா: ‘கடவுளைப் போன்றவர் யார்?’ மீகா, ‘யாவேயைப் போன்றவர் யார்?’ என்று கேட்கும் மிகாயா என்ற பெயரின் சுருக்கம். அவருடைய நூலின் இறுதியில், 7:18இல், ‘உமக்கு ஒப்பான தேவன் யார்’ என்ற பொருளில் வரும் வினா, தீர்க்கதரிசியின் பெயரையே திரும்ப ஒலிக்கச் செய்கிறது.

எல்லாப் பெயர்களும் இறைவனைச் சொல்வன அல்ல. ராகேல் பெண்ணாடு; தெபொராள் தேனீ; யோனா புறா; தாமார் பேரீச்ச மரம். 2 இராஜாக்கள் 22:14இல் யோசியா அரசர் அனுப்பிய தூதுக்குழுவில் சாப்பான் என்பவரும் அக்போர் என்பவரும் இருக்கின்றனர். அவர்கள் உல்தாள் என்னும் தீர்க்கதரிசியிடம் செல்கின்றனர். சாப்பான் பாறை முயல், அக்போர் எலி, உல்தாள் மண்ணில் வளை தோண்டும் ஒரு சிறு பிராணி. இத்தகைய பெயர்களில் ஆன்மிக மறைபொருள் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து. பெற்றோர் தம் பிள்ளைகளை அன்போடு அழைத்த பெயர்களாகவே அவை இருந்திருக்கும்.

நான்காம் படி: வேதம் தரும் விளக்கத்தை அதற்குரிய இடத்தில் வைத்தல்

இந்தப் படியில்தான் மிகுந்த கவனம் தேவை. வேத ஆசிரியர்கள் ஒரு பெயருக்குக் காரணம் சொல்லும்போது, பெரும்பாலும் அகராதிப் பொருளைத் தருவதில்லை. பெயரின் ஒலியில் இன்னொரு சொல்லைக் கேட்டு, அதன் வழியாக அந்த மனிதனின் வாழ்வைப் பேசுகிறார்கள். இதற்குச் சிறந்த சான்று யோசேப்பின் பெயர். ஆதியாகமம் 30:23இல் ராகேல் தன் நிந்தையைத் தேவன் ‘நீக்கிவிட்டார்’ என்கிறாள்; அதற்குரிய வினை ‘ஆசப்’. அடுத்த வசனத்திலேயே கர்த்தர் இன்னொரு மகனைக் ‘கூட்டித் தருவாராக’ என்கிறாள். அதற்குரிய வினை ‘யாசப்’. ஒன்று நீக்குதல், மற்றொன்று கூட்டுதல். இரண்டும் யோசேப்பு என்ற ஒரே பெயரில் கேட்கின்றன. சொல்லமைப்பின்படி இரண்டாவதே பொருந்தும். ஆயினும் மலடி என்னும் பழி நீங்கிய நிம்மதியையும், இன்னும் ஒரு பிள்ளைக்கான ஏக்கத்தையும் ஒரே பெயருக்குள் வைத்த அந்தத் தாயின் குரலை, அகராதியை மட்டும் பார்ப்பவர் இழந்துவிடுவார்.

யாக்கோபின் பெயரில் இது இன்னும் ஆழமாகச் செல்கிறது. பிறக்கும்போது ஏசாவின் குதிகாலைப் பிடித்திருந்ததனால் அப்பெயர் என்கிறது ஆதியாகமம் 25:26. குதிகால் எபிரேயத்தில் ‘ஆகேப்’. 27:36இல் ஏமாற்றப்பட்ட ஏசாவோ, அதே வேரின் வினையைக் கொண்டு, தன்னை இரண்டு முறை வஞ்சித்தவனுக்கு இது ஏற்ற பெயர்தான் என்று கதறுகிறான். விவிலியத்துக்கு வெளியே, பண்டைய மேற்காசியக் களிமண் பலகைகளில், இதே வேரோடு ‘ஏல்’ சேர்ந்த பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றை ‘கடவுள் காப்பாராக’ என்று அறிஞர் பொருள் கொள்கின்றனர். அப்படியானால், காவலை வேண்டி இடப்பட்ட ஒரு வழக்கமான பெயரில் வேதம் குதிகாலையும் வஞ்சனையையும் கேட்கிறது. பின்னர் யாப்போக்கு ஆற்றங்கரையில் அந்தப் பெயரே மாற்றப்படுகிறது. இரு விளக்கங்களில் எது சரி என்று சண்டையிடுவதைவிட, எந்த விளக்கம் எந்தக் கேள்விக்கு விடை என்று பிரித்தறிவதே முறை.

ஆபேலின் பெயருக்கு வேதம் விளக்கம் எதுவும் தருவதில்லை. எபிரேயத்தில் அது ‘ஹெபெல்’. மூச்சு, ஆவி, தோன்றி மறையும் புகை என்று பொருள். பிரசங்கியின் தொடக்கத்தில் ‘மாயை, மாயை’ என்று நம் மொழிபெயர்ப்பு சொல்லும் சொல்லும் அதுவே. வேதத்தில் முதலில் மாண்ட மனிதனின் பெயரும், எல்லாம் கடந்துபோகும் என்று சொல்லும் நூலின் முதன்மைச் சொல்லும் ஒன்றாயிருப்பதைத் தமிழ் வாசகர் எவரும் தாமாக அறிய வழியில்லை. முதற்படியை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு பெயரே போதிய காரணம்.

ஐந்தாம் படி: எபிரேயம் அல்லாதவற்றை இனங்காணுதல்

விவிலியத்தில் உள்ள பெயர்கள் எல்லாம் எபிரேயம் அல்ல. மோசே என்ற பெயரைத் தண்ணீரிலிருந்து ‘எடுத்தேன்’ என்பதற்குரிய ‘மாஷா’ என்ற வினையோடு யாத்திராகமம் 2:10 இணைக்கிறது. ஆனால் பெயரிட்டவள் எகிப்திய இளவரசி. துத்மோஸ், ராமெசேஸ் என்ற அரசர் பெயர்களில் உள்ள, பிறத்தலைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லே மோசேயிலும் இருப்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆரோனின் பேரன் பினெகாஸின் பெயரும் எகிப்தியமே. மொர்தெகாய் என்ற பெயரில் பாபிலோனின் மர்தூக் தெய்வம் மறைந்திருக்கிறது. தானியேலின் தோழன் ஆபேத்நேகோவின் பெயர், பாபிலோனின் மற்றொரு தெய்வமாகிய நேபோவைச் சுட்டும் ‘நேபோவின் அடியான்’ என்பதன் திரிபாகக் கருதப்படுகிறது. அதே அமைப்பில் எபிரேயம் தருவது ஒபதியா, ‘யாவேயின் அடியான்’.

புதிய ஏற்பாட்டுக் காலத்தில் அரமேயம் பேச்சுமொழியாயிருந்ததால், ‘மகன்’ என்பதற்கு ‘பென்’ போய் ‘பர்’ வருகிறது. பென்யமீன் எபிரேயம், பர்த்தொலொமேயு, பர்திமேயு, பரபாஸ் ஆகியவை அரமேயம். தோமா என்பது இயற்பெயரன்று. ‘இரட்டைப் பிள்ளை’ எனப் பொருள்படும் அரமேயச் சொல். யோவான் நற்செய்தி அதே பொருளுள்ள கிரேக்கச் சொல்லைக் கூட்டி, ‘திதிமு என்னப்பட்ட தோமா’ என்கிறது. சென்னையின் சாந்தோம் என்ற இடப்பெயருக்குள்ளும், போர்த்துக்கீசியம் வழியாக வந்த அந்த அரமேயச் சொல்லே இருக்கிறது.

தமிழ்க் குடும்பங்களில் ஆண்பிள்ளைகளுக்கு இடப்படும் எபினேசர் என்ற பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேதத்தில் அது எந்த மனிதனின் பெயருமன்று. 1 சாமுவேல் 7:12இல் சாமுவேல் நாட்டிய கல்லின் பெயர், ‘உதவியின் கல்’. அதைப் பிள்ளைக்கு இடுவதில் குறையொன்றுமில்லை. லாசருவிலும் எஸ்றாவிலும் உள்ள உதவி என்ற அதே வேர்தான் அதிலும் இருக்கிறது.

ஆறாம் படி: கல்வெட்டுகளோடு ஒப்பிடுதல்

இறுதியாக, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்றுகளைப் பார்க்க வேண்டும். சவுலின் மகனை 2 சாமுவேல் இஸ்போசேத் என்று அழைக்கிறது. 1 நாளாகமம் 8:33 அவரையே எஸ்பால் என்கிறது. எஸ்பால் என்பதன் ஈற்றிலுள்ளது பாகாலின் பெயர்; ‘போசேத்’ என்றால் வெட்கம். பாகாலின் பெயரை உச்சரிக்க விரும்பாத பிற்காலத்தவர் அச்சொல்லை மாற்றி வைத்தனர் என்பது பொதுவான விளக்கம். ஏலா பள்ளத்தாக்கின் அருகே கிர்பத் கெயாபா என்னும் இடத்தில் கிடைத்து 2015இல் வெளியிடப்பட்ட ஒரு சாடியின் மேல் ‘எஸ்பால்’ என்ற பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் சவுலின் மகன் அல்லர். வேறொரு தகப்பனின் மகன். ஆனால் அக்காலத்தில் அப்படி ஒரு பெயர் வழங்கியது என்பது அதனால் உறுதியாகிறது. 1910இல் சமாரியாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எழுத்தோடுகளிலும் பாகால் பெயர்களும் யாவே பெயர்களும் அருகருகே உள்ளன. அங்கே, வடநாடாகிய இஸ்ரவேலில், திருப்பெயரின் சுருக்கம் ‘யாவ்’ என்று முடிகிறது. 1935 முதல் லாகீசில் கிடைத்த யூதேய மடல்களிலோ ‘யாஹு’ என்று முடிகிறது. ஒரு பெயரின் ஈறே அதற்குரியவர் எந்த நாட்டவர் என்று காட்டிவிடுகிறது. ஆகாஸ் அரசரின் பெயரில் இறைச்சொல் இல்லை. ஆனால் அசீரிய மன்னன் மூன்றாம் திகிலாத் பிலேசரின் கல்வெட்டு அவரை யோவாகாஸ் என்ற முழு வடிவில் குறிப்பதனால், ஆகாஸ் என்பது சுருக்கம் என்று அறிகிறோம்.

ஒரு பெயரை எடுத்துப் பயில்தல்

எல்லாப் படிகளையும் ஒருமுறை நடந்து பழக, யூதாவின் கடைசி அரசர்களில் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: தந்தை யோயாக்கீம், மகன் யோயாக்கீன். தமிழில் ஈற்றெழுத்து ஒன்றே வேறு. எபிரேயத்தில் நடுவிலுள்ள ககரமும் வேறு. தந்தையின் பெயரில் கோப், மகனின் பெயரில் கப். தந்தையின் பெயர் ‘யாவே எழுப்புவார்’ என்றும், மகனின் பெயர் ‘யாவே நிலைநிறுத்துவார்’ என்றும் பொருள்படும். தந்தையின் பழைய பெயர் எலியாக்கீம். பார்வோன் நேகோ அதை மாற்றினான் என்கிறது 2 இராஜாக்கள் 23:34. அந்த மாற்றத்தில் ஏல் போய் யோ வந்தது, பொருள் மாறவில்லை. பெயரை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்பதுதான் மாறியது.

மகனின் பெயரோ மூன்று வடிவங்களில் வருகிறது. யோயாக்கீன் என்பதன் கூறுகளை முன்பின்னாக மாற்றினால் எகொனியா. எரேமியா 22:24இல் திருப்பெயரின் கூறு முன்னாலிருந்து விலகி, வினையின் முதலெழுத்தும் தேய்ந்து, கோனியா. தன் வலக்கை முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. அங்கே பெயர் குறைந்து நிற்பதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. கி.மு. 597இல் அவர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார். பாபிலோன் அரண்மனையில் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட ஆப்புவடிவ எழுத்துப் பலகைகள், யூதாவின் அரசனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயைப் பதிவு செய்திருக்கின்றன. அந்நிய நாட்டுக் கணக்கன் ஒருவன், தன் மொழியின் எழுத்துக்களில், அவர் பெயரை ‘யாஉகீனு’ என்று, திருப்பெயர் முன்னால் நிற்க எழுதியிருக்கிறான்.